டர்போ என்ஜினுக்கு எந்த ஆயில்?



"ஆயில்தானேப்பா, எதை ஊத்துனா என்ன?" நம் தேனி, போடி, கம்பம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது. நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான். ஆட்டோமொபைல் டிப்ளமா படிக்கிறவன் அப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். பேசினேன். அதற்கான பலனைப் போடிமெட்டில் அனுபவித்தேன். அந்த அனுபவத்தையும், அதன் பிறகு புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நடந்தது என்ன?

என் தாய்மாமா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் வைத்திருக்கிறார். விடியற்காலையில் போடியிலிருந்து கிளம்பி, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைப் பக்கம் போய் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்ப ஏற்றி வர வேண்டும். பழைய ஜீப் டர்போ இல்லாத டீசல் என்ஜின். அதை விற்றுவிட்டு டர்போ உள்ள வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினார்.

செமஸ்டர் லீவில் அந்த வண்டிக்கு ஆயில் மாற்றியது நான்தான். பழைய ஜீப்புக்கு வாங்கும் அதே கடையில், அதே பேரலிலிருந்து லூஸ் ஆயில் பிடித்து வந்து ஊற்றினேன். "மாமா, சீல் போட்ட கேன் வாங்குனா எக்கச்சக்க விலை. இதுவும் ஆயில்தான்" என்று யோசனை சொன்னதும் நான்தான். மாமாவும், படிக்கிற பையன் சொல்கிறானே என்று விட்டுவிட்டார். அடுத்த தடவையும் அதே ஆயில்தான்.

சில மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஏற்றத்தில் இழுவை குறைந்தது. விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். வண்டியில் வேலைக்குப் போகிற அக்காமார் பன்னிரண்டு பேர். போடிமெட்டு ஏறியதும் வழக்கம்போல டீக்கடை முன்னால் நிறுத்தி, சடக்கென்று சாவியைத் திருப்பி ஆஃப் செய்தார் மாமா. டீ குடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தபோது பின்னால் நீலமும் வெள்ளையுமாகப் புகை மண்டியது. என்ஜின் தானாகவே உறுமி வேகம் எடுத்தது. ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை. மாமா சாவியைத் திருப்பினார். என்ஜின் நிற்கவில்லை!

"எல்லாரும் எறங்குங்க, எறங்குங்க!" என்று கத்திக்கொண்டே, மாமா டாப் கியரைப் போட்டு, பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்து, கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. முப்பது வருஷ அனுபவம் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. இதுவே வளைவில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

கழற்றிப் பார்த்தபோது டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் சின்னக் குழாயின் போல்ட் துவாரம் கரி பிடித்து முக்கால்வாசி அடைத்திருந்தது. ஷாஃப்ட் லொட லொடவென்று ஆடியது. காரணத்தை இனிப் பார்ப்போம்.

டர்போ என்ன செய்கிறது?

டீசலோ பெட்ரோலோ, எரிய வேண்டுமானால் காற்று வேண்டும். சிலிண்டருக்குள் அதிகக் காற்றைத் திணித்தால் அதிக எரிபொருளை எரிக்கலாம். அதிக சக்தி கிடைக்கும். வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு டர்பைனைச் சுற்றி, அதே ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸரால் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதுதான் டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

நம் மலைப் பாதைக்கு டர்போ பெரிய வரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் மூணாறு உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் அங்கே மூச்சு வாங்கும். டர்போ அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

சூப்பர்சார்ஜர் என்பது இதன் அண்ணன். வேலை ஒன்றுதான். ஆனால் புகையால் சுற்றாமல், கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் மூலம் சுற்றும். புகையின் சூடு நேரடியாகப் படாததால் ஆயில் கரியாகும் தொல்லை குறைவு. பெரும்பாலான சூப்பர்சார்ஜர்களில் பல்சக்கரத்துக்குத் தனி ஆயில் உண்டு. அதில் என்ஜின் ஆயிலை ஊற்றக் கூடாது. ஆனால் சிலிண்டரில் அழுத்தம் கூடுவதால் பிஸ்டன் ரிங்குக்கும் பேரிங்குக்கும் நல்ல என்ஜின் ஆயில் தேவை என்பது இரண்டுக்கும் பொது.

ஆயில் படும் பாடு

டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். சிறிய கார் டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும். பெரும்பாலான டர்போக்களில் பால் பேரிங் கிடையாது. ஆயில் படலத்தின் மேல் ஷாஃப்ட் மிதந்துகொண்டே சுற்றுகிறது. அந்தப் படலம் தலைமுடியைவிட மெல்லியது. அது அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். அப்புறம் டர்போ கதை முடிந்தது.

சூடும் சாதாரணமல்ல. டர்பைனுக்குள் வரும் புகை டீசல் என்ஜினில் 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரையும், பெட்ரோல் என்ஜினில் 950 டிகிரி வரையும் இருக்கும். ஆகவே இங்கே ஆயிலுக்கு இரண்டு வேலை: ஒன்று உராய்வைத் தடுப்பது, மற்றொன்று சூட்டைச் சுமந்துகொண்டு சம்ப்புக்கு இறங்குவது.

இப்போது மாமா செய்த காரியத்தைப் பாருங்கள். 17 வளைவு ஏறி, டர்போ தகதகவென்று இருக்கும்போது சாவியை ஆஃப் செய்தால் ஆயில் பம்ப் நின்றுவிடும். டர்போவுக்குள் தேங்கிய ஆயில் நகர வழியில்லாமல் அடுப்பில் வைத்த எண்ணெய்ச் சட்டிபோல வெந்து கரியாகும். தினம் ஒரு படலம். மட்டமான ஆயில் சீக்கிரம் கரியாகும்; நல்ல ஆயில் தாக்குப் பிடிக்கும். எங்கள் வண்டியில் இரண்டு தப்பும் சேர்ந்துகொண்டது.

கரி வழியை அடைத்தது, பேரிங் தேய்ந்தது, ஷாஃப்ட் ஆடி சீல் விட்டது, ஆயில் கம்ப்ரஸர் வழியாகச் சிலிண்டருக்குள் போனது. டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்து ஓடியது. அதனால்தான் சாவியை ஆஃப் செய்தும் நிற்கவில்லை. இப்படி நடந்தால் உடனே டாப் கியர், முழு பிரேக், கிளட்ச் விடுவது என்று செய்து அணைக்க வேண்டும். மறந்தும் காற்றுக் குழாயைக் கையால் அடைக்கப் போகாதீர்கள்.

கேன் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

முதலில் எஸ்.ஏ.இ. எண். 15டபிள்யூ-40 என்று இருந்தால், 'டபிள்யூ' முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுகிறது. எண் குறையக் குறைய, குளிரில் சுலபமாக ஓடும். பின்னால் உள்ள 40 என்பது 100 டிகிரி சூட்டில் உள்ள கெட்டித்தன்மை. 40 கிரேடு என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை. 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 வரை.

நம் பள்ளத்தாக்கில் பனி கொட்டப் போவதில்லை. ஆகவே ஸ்டார்ட் ஆவதற்கு 15டபிள்யூ தாராளமாகப் போதும். ஆனாலும் 5டபிள்யூ ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் டர்போவுக்கு விரைவாகப் போய்ச் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

"கெட்டியா இருந்தா நல்லதுதானே?" என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் உண்டு. அது தவறு. டர்போவின் மெல்லிய துவாரங்களில் கெட்டி ஆயில் மெதுவாகப் போகும். கெட்டித்தன்மை வேறு, சூடு தாங்கும் தன்மை வேறு. 150 டிகிரியிலும், வேகமான உராய்விலும் படலம் எவ்வளவு நிற்கிறது என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. 15டபிள்யூ-40 ஆயிலுக்கு அது குறைந்தது 3.7 மில்லிபாஸ்கல்-செகண்ட் இருக்க வேண்டும்.

இரண்டாவது தரக் குறியீடு. ஏ.பி.ஐ. முறையில் 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல், 'சி' என்று தொடங்கினால் டீசல். அடுத்த எழுத்து அகர வரிசையில் எவ்வளவு தள்ளி வருகிறதோ, அவ்வளவு புதிய தரம். சி.எஃப்.-4 தரம் 1990-ல் வந்தது, சி.ஐ.-4 2002-ல், சி.கே.-4 2016-ல். நான் பேரலில் பிடித்த ஆயிலுக்கு எந்தக் குறியீடும் இல்லை. கேட்டபோது கடைக்காரர் "நல்ல ஆயில் தம்பி" என்றார். அவ்வளவுதான் அதன் தரச் சான்று!

எந்த வண்டிக்கு எது?

முதல் விதி: வண்டியோடு வந்த கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். கையேடு கிடைக்காதபோது வழிகாட்டியாக மட்டும் கீழே உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்.

1. பழைய டர்போ டீசல் (பி.எஸ்.-3, டி.பி.எஃப். இல்லாத பி.எஸ்.-4): 15டபிள்யூ-40, சி.ஐ.-4 அல்லது அதற்கு மேல். பி.எஸ்.-3 டீசலில் கந்தகம் 350 பி.பி.எம். வரை அனுமதிக்கப்பட்டிருந்தது, பி.எஸ்.-4ல் 50. கந்தகத்தால் உண்டாகும் அமிலத்தை முறிக்கும் காரச் சத்து ஆயிலில் வேண்டும்.

2. டி.பி.எஃப். என்ற புகைக்கரி வடிகட்டி உள்ள டீசல் (2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.-6 கார், ஜீப்கள்): இங்கே சாம்பல் குறைவான ஆயில்தான் போட வேண்டும். புகைக்கரியை வடிகட்டி தானே எரித்துவிடும். ஆனால் ஆயிலில் உள்ள உலோகச் சத்தின் சாம்பல் எரியாது. துவாரத்தை நிரந்தரமாக அடைத்துவிடும். ஐரோப்பியக் குறியீட்டில் சி2, சி3 என்று இருக்கும், பெரும்பாலும் 5டபிள்யூ-30. பி.எஸ்.-6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். மட்டுமே என்பதால் பழைய அளவு காரச் சத்தும் தேவைப்படுவதில்லை.

3. டர்போ பெட்ரோல் கார்கள்: நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் வகையில், குறைந்த வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால் தீப்பொறிக்கு முன்பே கலவை வெடிக்கும் அபாயம் உண்டு. பிஸ்டனே உடையலாம். ஆயிலில் உள்ள கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து, அதைக் குறைத்து மக்னீசியம் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். 2020-ல் வந்த எஸ்.பி. தரம் இந்தச் சோதனையில் தேறியது. ஆகவே எஸ்.பி. என்று பார்த்து வாங்குங்கள்.

சிந்தெட்டிக் தேவையா? சூடு தாங்கி, கரி குறைவாகப் படியும் என்பதால் டர்போவுக்கு நல்லதே. ஆனால் தரக் குறியீடு இல்லாத 'சிந்தெட்டிக்' வெறும் பெயர்தான்.

வழக்கத்தில் உள்ள சில தவறுகள்

ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்பார்கள். டீசலில் கரியைத் தன்னுள் மிதக்க வைப்பது ஆயிலின் வேலை. கறுப்பது இயல்பு. நிறத்தைப் பார்க்காதீர்கள், கிலோமீட்டரையும் மாதத்தையும் பாருங்கள். தினமும் பாரத்தோடு மலை ஏறும் வண்டிக்குக் கையேட்டில் 'கடின உபயோகம்' என்று தனி அளவு இருக்கும், அது நமக்குத்தான்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். டி.பி.எஃப். வண்டியில் டீசல் கலந்து ஆயில் நீர்த்துப் போயிருக்கலாம். உடனே மாற்றுங்கள்.

ஆயிலை மாற்றி ஃபில்டரை மாற்றாமல் விடுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையை மாட்டுவது போல.

ஸ்டார்ட் செய்தவுடன் அரை நிமிடம் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். ஏற்றம் ஏறி நிறுத்தினால் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணையுங்கள். இதற்கு ஆகும் டீசல் ஒரு டீக் காசுகூட வராது.

முடிவாக...

அன்றைக்கு அந்த அக்காமாருக்கு வேலை போயிற்று. "ஒரு நாக் கூலி போச்சே தம்பி" என்று ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவருக்குத் தெரியாது, அந்த ஆயிலைப் பிடித்து வந்தவன் பக்கத்தில் நிற்கிற நான்தான் என்று. நான் மிச்சப்படுத்தியது சில நூறு ரூபாய். புது டர்போவுக்கு மாமா கொடுத்தது அதைப் போலப் பல மடங்கு. அவர் என்னைத் திட்டவில்லை. "மாப்ளே, இனி படிச்சுட்டு ஊத்துடா" என்றார். அதுதான் அதிகமாகச் சுட்டது.

இப்போது அந்த ஜீப்பின் பானெட் உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். ஆயில் கிரேடு, தரம், மாற்றிய தேதி, கிலோமீட்டர். டீக்கடை முன்னால் நின்றதும் மாமா என்ஜினை அணைக்காமல், முதலில் இறங்கி டீ சொல்லிவிட்டு வருகிறவர்களை எண்ணுவார். எண்ணி முடித்த பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

நண்பர்களே, நாளைக்கு நாம் எல்லோரும் ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில், ஒரு கம்பெனியில் நிற்கப் போகிறோம். "எதை ஊத்துனா என்ன?" என்று ஒருவர் நம்மைக் கேட்பார். அப்போது கேனைத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள். அந்த மலைப் பாதையில் போகிற பன்னிரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.