வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

நம் மஹல்லாவில் பழைய டீசல் பிக்கப்பை நம்பிக் குடும்பம் நடத்தும் சகோதரர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சென்ற மழைக்காலத்தில் சுபுஹு தொழுதுவிட்டுக் காய்கறி லோடு எடுக்கக் கிளம்பினார். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம்தான் வந்தது. பேட்டரி போய்விட்டது என்று யாரோ சொல்ல, கடன் வாங்கிப் புது பேட்டரி போட்டார். மறுநாளும் அதே 'டிக்'. கடைசியில் பார்த்தால், எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் ஒயரின் முனை துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் வண்டி கிளம்பியது. இரண்டு நாள் வருமானம் போனது. கடன் மட்டும் நின்றது.

மற்றவர்களுக்கும் இந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம். பொருள் வாங்குமுன் பழுது எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வண்டி தரும் சத்தமே முதல் சாட்சி.

சோதிக்குமுன் கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். செல்ஃபைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். அரை நிமிடமாவது ஆறவிட்டு மறுபடி அடியுங்கள்.

1. சத்தமே இல்லை: மீட்டர் போர்டில் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ் இரண்டையும் பாருங்கள். பேட்டரி முழுதும் இறங்கியும் இருக்கலாம். விளக்கு நன்றாக எரிந்தால் சாவி சுவிட்ச், ரிலே, செல்ஃப் மோட்டாருக்குப் போகும் சிறிய ஒயர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

2. 'டிக்' சத்தம், அல்லது எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது: படபடவென்று பல 'டிக்' வந்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஒரே ஒரு 'டிக்' என்றால் டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் மூன்றையும் பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் ஊகம் தேவையில்லை. ஓய்விலிருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும்; 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில்தான் கோளாறு. அந்தச் சகோதரரின் பழுது இந்த ஒரு சோதனையில் பிடிபட்டிருக்கும். வண்டி ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் அளவில் வரவேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. புது பேட்டரி போட்டாலும் இறங்கிவிடும்.

3. நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை: இப்போது பேட்டரியை விட்டுவிட்டு டீசலைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகையே வராவிட்டால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை என்று பொருள். டேங்கில் டீசல் இருக்கிறதா? சாவியை ஆன் செய்யும்போது டீசல் பம்பிலுள்ள ஸ்டாப் சொலினாய்டு 'கிளிக்' என்கிறதா? ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருந்தால் வடித்துவிடுங்கள். ஏர் பிடித்திருந்தால் ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஹேண்ட் பம்பை அழுத்திவிட்டு இறுக்குங்கள். குளிர்ந்த காலையில் வெள்ளைப் புகை வந்தும் பிடிக்காவிட்டால், ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அதைச் சோதியுங்கள்.

ஓர் எச்சரிக்கை: நாசிலுக்குப் போகும் குழாய்களில் டீசல் மிகுந்த அழுத்தத்தில் பாயும், பீறிட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கே கை வைக்காதீர்கள். சிஆர்டிஐ வண்டியானால் அந்த வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள்.

இத்தனையும் பார்த்தும் கிளம்பாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆனால் "வண்டி ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாமல், என்ன சத்தம், எத்தனை வோல்ட், புகை வந்ததா என்று சொல்லுங்கள். அவருக்கு நேரம் மிச்சம். உங்களுக்குப் பணம் மிச்சம்.

நம் அலுவலகத்தில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். தேவைப்படுவோர் அஸருக்குப் பின் வந்து வாங்கிச் சென்று, வேலை முடிந்ததும் திருப்பித் தரலாம். பயன்படுத்தத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். இன்ஷா அல்லாஹ், சொல்லித் தருகிறோம்.