மலையிலிருந்து டெல்லிக்கு

இது ஒரு கதை. இதில் வரும் கணவனும் மனைவியும் கற்பனை. ஆனால் அவர்கள் போன சாலை உண்மை. வழியில் வரும் ஊர்கள் உண்மை. ஆறுகளும் உண்மை. வாருங்கள், நாமும் அவர்களோடு பஸ்ஸில் ஏறுவோம்.

1. புறப்பாடு

நம் நாட்டின் வடக்கே இமயமலை இருக்கிறது. அங்கே உத்தராகண்ட் என்று ஒரு மாநிலம். 2000ஆம் ஆண்டு நவம்பர் 9 அன்று அது தனி மாநிலம் ஆனது.

அந்த மாநிலத்தில் ஜோஷிமட் என்று ஒரு மலை ஊர் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயரம். பத்ரிநாத் கோயிலுக்குப் போகிறவர்கள் இந்த ஊர் வழியாகத்தான் போவார்கள். 2023 ஜனவரியில் இந்த ஊரில் நிலம் தாழ்ந்தது. நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்தது. பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின.

ஜோஷிமட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கேதான் நம் கதையின் கணவனும் மனைவியும் வாழ்கிறார்கள். அவர்களுக்கு ஒரே மகள். அவளை வீட்டில் முன்னி என்று கூப்பிடுவார்கள். கணவனும் மனைவியும் பெயர் சொல்லி அழைத்துக் கொள்வதில்லை. "முன்னி அப்பா" என்பார் மனைவி. "முன்னி அம்மா" என்பார் கணவர்.

முன்னி டெல்லியில் இருக்கிறாள். அவள் கணவனுக்கு அங்கே ஓட்டல் சமையலறையில் வேலை. முன்னிக்கு இது ஒன்பதாவது மாதம். "அம்மா, நீ வந்து என் பக்கத்தில் இரு" என்று போனில் சொன்னாள்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ரூபாய் நோட்டு தெரியும். எண் தெரியும். எழுத்து தெரியாது. அம்மா மூன்று வருடங்களுக்கு முன்னால் மாலை வகுப்பில் சேர்ந்தார். இந்தி எழுத்துகளைக் கற்றார். அப்போது அப்பா கேலி செய்தார். "இந்த வயதில் படித்து நீ என்ன கலெக்டர் ஆகப் போகிறாயா?" என்று சிரித்தார்.

அம்மா பதில் சொல்லவில்லை. வகுப்புக்குப் போய்க் கொண்டே இருந்தார்.

இப்போது முன்னி தன் விலாசத்தைப் போனில் சொன்னாள். அம்மா அதைத் தன் நோட்டில் எழுதிக் கொண்டார். "ரோகிணி மேற்கு. மெட்ரோ நிலையத்துக்குப் பின்னால்" என்று எழுதினார். தெருவின் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதினார். ஒருமுறை வாசித்துக் காட்டினார். முன்னி, "சரிதான் அம்மா" என்றாள்.

பையில் ராஜ்மா பயறு வைத்தார். கேழ்வரகு மாவு வைத்தார். பிள்ளை பெறப் போகும் மகளுக்கு ஒரு டப்பா நெய்யும் வைத்தார்.

2. ஆற்றோரம் ஒரு சாலை

அது ஆகஸ்டு மாதம். மழைக்காலம். காலை 5 மணிக்கு ஜோஷிமட்டில் பஸ் புறப்பட்டது. முதலில் ரிஷிகேஷ் போக வேண்டும். அது சுமார் 250 கிலோமீட்டர். முழுவதும் மலைச் சாலை.

ஒரு பக்கம் மலைச் சுவர். மறுபக்கம் ஆழமான பள்ளம். பள்ளத்தில் ஆறு ஓடுகிறது. அதன் பெயர் அலக்நந்தா.

சாலை ஏன் ஆற்றோரமாகவே போகிறது? மலையைக் குடைந்து நேராகச் சாலை போடுவது கடினம். ஆனால் ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாக மலையை அறுத்து வழி செய்திருக்கிறது. அந்த வழியைப் பார்த்துத்தான் மனிதர்கள் சாலை போட்டார்கள்.

ஒரு வளைவில் டிரைவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். கீழிருந்து ஒரு லாரி முக்கி முனகி ஏறி வந்தது. அது போன பிறகுதான் பஸ் நகர்ந்தது. மலைச் சாலையில் இது விதி. இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். சுமையோடு ஏறும் வண்டி பாதியில் நின்றால் மறுபடி கிளம்புவது கடினம்.

சாலை ஓரத்தில் கல் வந்தது. அதன் தலையில் மஞ்சள் வண்ணம். அம்மா வாசித்தார். "ரிஷிகேஷ் 200."

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் அப்பா.

"இரண்டு மணி நேரத்தில் 50 கிலோமீட்டர் வந்திருக்கிறோம். மணிக்கு 25. இன்னும் 200 போக வேண்டும். 8 மணி நேரம் ஆகும். இப்போது மணி 7. பிற்பகல் 3 மணிக்குப் போய்விடலாம்."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வழியில் நந்தபிரயாகை வந்தது. பிறகு கர்ணபிரயாகை வந்தது. பிறகு ருத்ரபிரயாகை வந்தது. பிரயாகை என்றால் ஆறுகள் கூடும் இடம். நந்தபிரயாகையில் நந்தாகினி வந்து சேர்கிறது. கர்ணபிரயாகையில் பிண்டர் ஆறு சேர்கிறது. ருத்ரபிரயாகையில் மந்தாகினி சேர்கிறது. ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் அம்மா வாசித்துச் சொன்னார். அப்பா தலையாட்டிக் கொண்டே வந்தார்.

3. வழி அடைபட்டது

மணி 10. பஸ் நின்றது. அந்த இடத்தின் பெயர் சிரோபகட். ருத்ரபிரயாகைக்கும் ஸ்ரீநகருக்கும் நடுவில் இருக்கிறது. (இது காஷ்மீர் ஸ்ரீநகர் அல்ல. உத்தராகண்டிலும் ஒரு ஸ்ரீநகர் உண்டு.) மழைக்காலத்தில் சிரோபகட்டில் அடிக்கடி மலை சரியும்.

இரவு பெய்த மழையில் மண்ணும் பாறையும் சாலையில் விழுந்திருந்தன. முன்னால் ஒரு பெரிய இயந்திரம் மண்ணை அள்ளிக் கொண்டிருந்தது. போலீசார் சாலையின் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள்.

சரிவுக்கு அந்தப் பக்கம் ஜீப்புகள் நின்றன. ஒருவர் கை காட்டினார். "நடந்து வாருங்கள். இங்கே ஏறிக் கொள்ளலாம்" என்று கத்தினார். சிலர் மூட்டையைத் தூக்கிக் கொண்டு கிளம்பினார்கள்.

அப்பாவும் பையைத் தூக்கினார். "வா, நாமும் போவோம். முன்னி தனியாக இருக்கிறாள். வலி வந்துவிட்டால் என்ன செய்வது?"

அம்மா நகரவில்லை. மலை ஓரத்தில் ஒரு பலகை இருந்தது. அதை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"எச்சரிக்கை. கல் விழும் இடம். இங்கே நிற்காதீர்கள்."

"முன்னி அப்பா, நாம் உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் முன்னிக்கு உதவி. இந்தப் பலகையைப் பாருங்கள். நாம் நிற்பதும் ஆபத்தான இடம்தான். முதலில் பின்னால் போவோம்."

பஸ்ஸில் இருந்த மற்றவர்களிடமும் அம்மா சொன்னார். பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. அதனால் பஸ்ஸைத் திருப்ப முடியவில்லை. பயணிகள் இறங்கினார்கள். சற்றுத் தூரத்தில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். மேலிருந்து மடமடவென்று சத்தம் வந்தது. கற்கள் உருண்டு வந்தன. நடந்து போனவர்களில் இருவர் பாதி வழியில் இருந்தார்கள். மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தார்கள். நல்ல வேளை, யாருக்கும் அடி படவில்லை. ஒரு மூட்டை மட்டும் ஆற்றில் போய்விட்டது.

அப்பாவின் கையில் இருந்த தேநீர் ஆறிப் போயிருந்தது. அவர் குடிக்க மறந்து போனார்.

மலை ஏன் சரிகிறது? இமயமலை மற்ற பல மலைகளைவிட வயதில் இளையது. அதன் பாறைகளில் பிளவுகள் அதிகம். மழைநீர் பிளவுக்குள் இறங்குகிறது. மண் கனமாகிறது, இளகுகிறது. சாலைக்காக மலையின் அடியை வெட்டிய இடங்களில் பிடிமானமும் குறைவு. மரங்களின் வேர் மண்ணைப் பிடித்து வைக்கும். மரம் போனால் அந்தப் பிடியும் போகும். மரத்தைக் காக்க 1974இல் சமோலி மாவட்டத்தின் ரேணி கிராமத்துப் பெண்கள் திரண்டார்கள். கௌரா தேவி அவர்களுக்குத் தலைமை தாங்கினார். மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து அனுப்பினார்கள்.

பிற்பகல் 2 மணிக்கு வழி திறந்தது. மாலையில் தேவபிரயாகை வந்தது. அங்கே அலக்நந்தாவும் பாகீரதியும் கூடுகின்றன. இரண்டு ஆறுகளின் நீரும் வேறு வேறு நிறம். கூடிய பிறகு அந்த ஆற்றுக்குப் பெயர் கங்கை.

இரவு 7 மணிக்கு ரிஷிகேஷ் வந்து சேர்ந்தார்கள். ஒரு சத்திரத்தில் தங்கினார்கள்.

4. சமவெளி

மறுநாள் காலை 7 மணிக்கு டெல்லி பஸ். ரிஷிகேஷிலிருந்து டெல்லி சுமார் 240 கிலோமீட்டர். ஏறும் முன் அம்மா பஸ்ஸின் பலகையை வாசித்தார். "டெல்லி. காஷ்மீரி கேட்" என்று இருந்தது. பிறகே ஏறினார்கள். டிக்கெட்டில் ஊரையும் பணத்தையும் சரிபார்த்தார்.

அரித்துவாரில் மலை முடிந்தது. கங்கை சமவெளிக்கு இறங்கும் இடம் அது. அங்கிருந்து ஒரு பெரிய கால்வாய் புறப்படுகிறது. அதன் பெயர் கங்கைக் கால்வாய். 1854இல் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் உத்தரப் பிரதேசத்து வயல்களுக்குப் பாய்கிறது.

ரூர்க்கி, முசாபர்நகர், மீரட் என்று ஊர்கள் வந்தன. இரு பக்கமும் கரும்பு வயல்கள். முசாபர்நகர் வெல்லத்துக்குப் பேர் போன ஊர். காற்று சூடாக வீசியது. அப்பா கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்தார்.

5. பெரிய நகரம்

பிற்பகலில் டெல்லி வந்தது. காஷ்மீரி கேட் பஸ் நிலையம். எங்கே பார்த்தாலும் கூட்டம். மருமகனுக்கு அன்று விடுமுறை கிடைக்கவில்லை. அம்மாவின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஒருவர் ஓடி வந்தார். "தாவூஜி, எங்கே போக வேண்டும்?" என்றார். தாவூஜி என்றால் பெரியப்பா.

"ரோகிணி" என்றார் அப்பா.

"அது ரொம்பத் தூரம். மெட்ரோ ரயில் இன்று ஓடவில்லை. என் வண்டியில் வாருங்கள். 800 ரூபாய்தான்." பையையும் கையில் வாங்கிக் கொண்டார்.

அப்பா மடியில் இருந்த பணத்தைத் தொட்டார். அது முன்னியின் பிரசவச் செலவுக்கு வைத்த பணம்.

அம்மா சுற்றிலும் பார்த்தார். ஒரு பெரிய பலகை தெரிந்தது. "மெட்ரோ நிலையம்" என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. அந்தப் பக்கம் மக்கள் போய்க் கொண்டும் வந்து கொண்டும் இருந்தார்கள்.

"பையைக் கொடு தம்பி. மெட்ரோ ஓடுகிறது. நாங்கள் அதில் போய்க் கொள்கிறோம்."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டெல்லி மெட்ரோ ரயில் 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு நிறம் உண்டு. காஷ்மீரி கேட்டில் சிவப்பு, மஞ்சள், ஊதா என மூன்று வழிகள் சந்திக்கின்றன. ரோகிணிக்குச் சிவப்பு வழி. அம்மா நோட்டைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். டிக்கெட் கொடுப்பவரிடம் ஒருமுறை கேட்டும் தெரிந்து கொண்டார். இருவருக்கும் சேர்த்து 100 ரூபாய்கூட ஆகவில்லை.

ரயிலில் நிலையங்களின் பெயர் எழுதிய படம் இருந்தது. அம்மா எண்ணினார். "பன்னிரண்டாவது நிலையத்தில் இறங்க வேண்டும்."

பதினோராவது நிலையம் வந்தது. ரோகிணி என்ற பெயர் காதில் விழுந்ததும் அப்பா எழுந்தார்.

"உட்காருங்கள். இது ரோகிணி கிழக்கு. நமக்கு மேற்கு" என்றார் அம்மா.

அடுத்த நிலையத்தில் இறங்கினார்கள். நோட்டில் இருந்த தெருவைக் கண்டுபிடித்தார்கள். வீட்டு எண்ணையும் கண்டுபிடித்தார்கள். கதவைத் தட்டினார்கள்.

முன்னி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக் கொண்டாள். "அப்பா, எப்படி வழி கண்டுபிடித்து வந்தீர்கள்?" என்று கேட்டாள்.

"நான் எங்கே கண்டுபிடித்தேன்? உன் அம்மாதான் என்னைக் கூட்டி வந்தாள்" என்றார் அப்பா.

நான்கு நாள் கழித்து முன்னிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா பக்கத்தில் இருந்தார். அன்று இரவு அப்பா மெதுவாகக் கேட்டார். "முன்னி அம்மா, அந்த நோட்டில் தாள் மீதி இருக்கிறதா? எனக்கு முதல் எழுத்தைப் போட்டுக் காட்டு."

6. தெரிந்து கொள்வோம்

சாலைப் பலகையின் வடிவமே ஒரு செய்தி.

முக்கோணம்: எச்சரிக்கை. வளைவு, பள்ளிக்கூடம், கல் விழும் இடம் போன்றவற்றைச் சொல்லும்.

வட்டம்: கட்டளை. கட்டாயம் கேட்க வேண்டும்.

நீள்சதுரம்: தகவல். மருத்துவமனை, பெட்ரோல் பங்க், ஊர்ப் பெயர் போன்றவற்றைக் காட்டும்.

கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை.

ஆபத்து நேரத்தில் 112 என்ற எண்ணுக்குப் பேசலாம். தேசிய நெடுஞ்சாலையில் உதவி வேண்டுமானால் 1033.

வெளியூர் போகும்போது விலாசத்தையும் போன் எண்ணையும் தாளில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். போன் அணைந்தாலும் தாள் கைகொடுக்கும்.

7. பேசுவோம், எழுதுவோம்

1. அப்பா சரிவைத் தாண்டிப் போக நினைத்தது ஏன்? நீங்கள் அங்கே இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

2. அலக்நந்தாவோடு எந்த ஊரில் எந்த ஆறு கூடுகிறது? எழுதுங்கள்.

3. பஸ் மணிக்கு 30 கிலோமீட்டர் போகிறது. 240 கிலோமீட்டர் போக எத்தனை மணி நேரம் ஆகும்?

4. உங்கள் ஊர்ச் சாலையில் உள்ள மூன்று பலகைகளை வாசியுங்கள். அவற்றை நோட்டில் எழுதி வந்து வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.

5. உங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர் யாராவது உண்டா? இன்று அவருக்கு ஓர் எழுத்து எழுதிக் காட்டுங்கள்.