கூடச் சிரிக்காதே, கண்ணு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ போனில் கேட்டதற்கு அவசரப் பேச்சில் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளமும் வாங்கிவிட்டாய். மனசு நிறைந்திருக்கிறது. ஆனால் நீ சொன்ன இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. மிஷின் ஓட்டப் படித்த உன்னை, "பொம்பளப் புள்ளைக்கு இது போதும்" என்று சூப்பர்வைசர் பேக்கிங் மேசைக்கு அனுப்பிவிட்டார். உன் லைனில் இருக்கும் ஒடிசாப் பையனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "டேய் வடக்கா" என்கிறார்கள், சுற்றி நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். "இதையெல்லாம் கண்டுக்காம இருக்கணுமா அத்தை?" என்றாய்.

கண்டுகொள், கண்ணு. இரண்டும் ஒரே நோய்தான். ஆளின் கைத்திறனைப் பார்க்குமுன்பே அவருக்கு எவ்வளவு மரியாதை, எந்த வேலை, என்ன கூலி என்று முடிவு கட்டிவிடுவது. சாதி நமக்குள் ஊட்டி வளர்த்த பழக்கம் இது.

"அவனுங்க வந்துதான் நம்ம பசங்க வேலை போச்சு" என்று கேன்டீனில் பேசுவார்கள். வேலையில்லாத வீட்டின் வலி நிஜம், அதை அலட்சியம் செய்யாதே. ஆனால் அங்கே இருக்கும் கம்பி ஆலைகளைப் பார். பழுக்கக் காய்ந்த இரும்பு, உருளைகளுக்கு இடையே பாய்ந்து வரும்போது, நீண்ட இடுக்கியோடு அந்த அனலில் நிற்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். தங்கள் கூலியைக் குறைத்து நிர்ணயித்தது அவர்கள் அல்ல. ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக வெளிமாநிலத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்று 1979ஆம் வருடச் சட்டமே சொன்னது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்ற சட்டம் அதற்கும் முன்னால், 1976இல் வந்தது. இவை ஒழுங்காக நடந்திருந்தால் ஒரு தொழிலாளியைக் காட்டி இன்னொரு தொழிலாளியின் கூலியை அமுக்க முடிந்திருக்காது. கேள்வியைக் கூலி நிர்ணயிக்கிறவர்களிடம் கேட்க வேண்டும்.

"வெறும் பேச்சுதானே" என்பார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் ஊருக்கு ரயில் ஏறினார்கள், பீகார் அரசு இங்கே குழு அனுப்பிப் பார்த்தது. அந்தக் காணொளிகள் பொய். ஆனால் தினமும் "வடக்கன்" என்று ஏச்சு வாங்குகிறவருக்கு அந்தப் பொய்யை நம்புவது சுலபமாக இருந்தது. 2025 டிசம்பரில் நம் மாவட்டத்துத் திருத்தணியிலேயே சிறுவர்கள் சிலர் ஒரு வடமாநில இளைஞரை அரிவாளால் வெட்டி அதைப் படமும் எடுத்தார்கள். கேட்க நாதியில்லாதவராக அவர் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அதே மாவட்டம்தான் கவரைப்பேட்டையும். 2024 அக்டோபர் 11 இரவு, தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. சுற்றுவட்டார மக்கள் இருட்டில் ஓடிப்போய்ப் பயணிகளைக் கீழே இறக்கினார்கள். கல்யாண மண்டபத்தில் தங்கவைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். எந்த மாநிலம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அந்த மனசு நம்மிடம் உண்டு. அது சாதாரண நாளிலும் வேண்டும்.

நாமும் வந்தேறி என்று ஏச்சு வாங்கியவர்கள்தான். 1948இல் இலங்கைச் சட்டம் லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1991இல் காவிரிப் பிரச்சினையில் பெங்களூருத் தமிழர் அடிபட்டார்கள். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் அகதி முகாமில் இருக்கும் பெரியவர்களிடம் கேள், சொல்வார்கள்.

இனி நீ செய்ய வேண்டியது. முதலில், கூடச் சிரிக்காதே. அந்தப் பையனின் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடு. சண்டை வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். தினமும் ஒருத்தி அப்படிக் கூப்பிட்டால் லைனின் பழக்கம் மெல்ல மாறும்.

சூப்பர்வைசரிடம், "என்னை எதுக்காக மாத்தினீங்க சார்?" என்று நிதானமாகக் கேள். மழுப்பினால் எழுத்தில் கேட்டு, தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள். யாராவது கை வைத்தாலோ ஆபாசமாகப் பேசினாலோ ஒருநாளும் பொறுக்காதே. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 2013ஆம் வருடச் சட்டம். விசாகா கமிட்டி என்பார்களே, அதுதான். 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். கம்பெனியில் குழு இல்லையென்றால் மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. அவசரத்துக்கு 181 இருக்கிறது.

எதையும் தனியாகச் செய்யாதே. ஹாஸ்டல் பெண்களிடம் பேசு. அவர்களில் இந்தி பேசுகிறவர்களையும் சேர்த்துக்கொள். உனக்கு மரியாதை கேட்டுக்கொண்டே அந்தப் பையனுக்கு அது இல்லாமல் விட்டால் உன் கேள்விக்கும் பலம் இருக்காது.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் கேட்டுவிடு. அவர் என்ன சொன்னாலும் எனக்கு எழுது. அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அத்தை