கேட்டறிந்து வினாவுதல்

திருவள்ளுவர் மருத்துவத்தை நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்காக வகுத்து, நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். மக்கள் எத்தகைய மருத்துவ உதவியை விரும்புகின்றனர் என்று ஆராயும் பொருளாதார நூலோர்க்கும் அவ்வரிசை பொருந்துமாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மருத்துவத்திற்குச் செலவிடத்தக்க பொருள் அளவுடையது. ஆதலின் மக்கள் எதனைப் பெரிதாக மதிக்கின்றனர் என அறிதல் வேண்டும். ‘செலவு குறைய வேண்டுமா?’ என்று வினவின் யாவரும் ஆம் என்பர்; அவ்விடையாற் பயனில்லை. ஆகவே ஆராய்ச்சியாளர் இரண்டு ஏற்பாடுகளை அருகருகே வைத்து, ‘இவற்றுள் எதனைக் கொள்வீர்?’ என்பர். ஒன்று தொலைவிலுள்ளது, ஆயினும் காத்திருக்க வேண்டுவதில்லை; மற்றொன்று அண்மையிலுள்ளது, ஆயினும் அரைநாள் காத்திருக்க வேண்டும். எதனைப் பெறுதற்கு எதனை விட்டுக்கொடுக்கின்றனர் என்பது இத்தகைய பல இணைகளால் வெளிப்படும். தொலைவு, காத்திருத்தல், செலவு முதலியவற்றைக் கூறுகள் என்போம்.

இக்கூறுகளை ஆராய்ச்சியாளர் தாமே கருதி வகுப்பின், மக்கள் உள்ளத்தில் முதன்மை பெற்றதொன்று விடுபடலாம். விடுபட்டதைக் கணக்கு மீட்டுத் தாராது. ஆகவே முதலில் மக்களோடு உரையாடிக் கூறுகளைக் கண்டறிதல் வேண்டும். கோஸ்ட், ஹாரக்ஸ் என்னும் ஆங்கில நாட்டு ஆராய்ச்சியாளர் இம்முறையை 2007ஆம் ஆண்டில் விளக்கியெழுதினர்.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு மருத்துவர், செவிலியர், அவ்விரு துறை மாணவர் ஆகியோரிடம் நாட்டுப்புறப் பணி குறித்து எட்டுக் கூறுகள் கொண்ட ஆராய்ச்சி நிகழ்ந்தது. ஊதியத்தை ஐந்து மடங்காக்கினும் மருத்துவ மாணவருள் 100க்கு 13 பேரே இசைந்தனர். மேற்படிப்பிற்கு இடம் ஒதுக்குதலோ, பணியிலிருந்த மருத்துவரிடத்தும் செவிலியரிடத்தும் பெரும்பயன் விளைத்தது. அக்கூறு வினாப்பட்டியில் இராதிருப்பின் அவ்வுண்மை மறைந்தே கிடந்திருக்கும்.

இனி, கன்னட நாட்டெல்லையை அடுத்த பேரிகையை எண்ணுவோம். அப்பகுதியைச் சார்ந்த சூளகிரி வட்டாரத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது. நீரிழிவு, இரத்தக்கொதிப்பு உடையோர்க்கு இல்லத்திற்கே மருந்து கொணர்ந்தளிப்பது அதன் பணிகளுள் ஒன்று. மருந்தை இல்லத்திற் பெறுதலோ, நிலையத்திற் பெறுதலோ, எது விருப்பம் என்று அறியப் புகுவோர் முதலில் செய்யத்தக்கது யாது? ரோசாத் தோட்டத்துக் கூலியாளும், ஓசூர்த் தொழிற்சாலையில் இரவு ‘ஷிப்டு’ பார்ப்போரும், முதியோரும் தத்தம் மொழியிற் பேசக் கேட்டலே. பகலில் இல்லத்தில் ஆளில்லை என்பர் சிலர். தம் நோயை அண்டை வீட்டார் அறிதலாகாது என்பர் சிலர். புதுச்செய்தி வாராது நிற்குமளவும் கேட்டல் நன்று.

பின்னர்க் கேட்டவற்றைத் தொகுத்துச் சில கூறுகளாகச் சுருக்குக. தொலைவையும் பேருந்துக் கட்டணத்தையும் தனித்தனியே வைப்பின் ஒன்றே இருமுறை எண்ணப்படும். நீரிழிவு என்பது விளங்காதார்க்குச் ‘சர்க்கரை’ என்க. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழியிலும் வினாக்களை அமைத்துச் சிலரிடம் படித்துக்காட்டி, அவர் எவ்வாறு பொருள் கொண்டார் எனச் சொல்லக் கேட்டுத் திருத்துக. அதன் பின்னரே பலரிடம் செல்க.

பர்திமேயுவின் குருடு யாவரும் அறிந்ததே. ஆயினும் நம் ஆண்டவர், அவன் வேண்டுவது யாதென அவனையே வினவி அருள்புரிந்தார். பிறர் நலம் நாடி வினாப்பட்டி வரைவோர் கைக்கொள்ளத்தக்க முறையும் அதுவே.