முதலில் எந்த எடை வாங்குவது?

கேள்வி: வயது 34. நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்தே வேலை. வீட்டில் பயிற்சி தொடங்க என்ன கருவி வாங்கலாம்?
- வாசகர், கச்சிராயபாளையம்

பதில்: முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள். தண்டாலும் பஸ்கியும் போதும். தரையில் தண்டால் வரவில்லையென்றால் திண்ணை விளிம்பில் கை ஊன்றி எடுங்கள், பாரம் குறையும்.

உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு முதுகுதான் முதலில் தளரும். அதற்கு இழுக்கும் பயிற்சி வேண்டும். கைப்பிடியுள்ள 10 லிட்டர் எண்ணெய் கேனில் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 5 கிலோ. முதுகை வளைக்காமல் முன்னால் குனிந்து, கேனை விலா வரை இழுங்கள். 12 முறை சுலபமாக வந்ததா? இன்னொரு லிட்டர் ஊற்றுங்கள்.

பிறகு வாங்குவதானால், தட்டு மாற்றக்கூடிய இரும்பு டம்பெல் ஒரு ஜோடி. பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் அடைத்தது விலை மலிவு. ஆனால் உறை விரிசல் விட்டால் தூள் கொட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, மரத்தில் கடைந்து கையால் சுழற்றும் கர்லாக்கட்டை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. மரவேலை தெரிந்த கைகள் உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். நன்றாகக் காய்ந்த மரமா, பிடியில் வெடிப்பு இல்லையா என்று தடவிப் பாருங்கள். 2 கிலோவே போதும். சுழற்றும்போது நுனியின் பாரம் தோளில் பல மடங்காக இறங்கும். மேலே மின்விசிறி இல்லாத இடத்தில் சுற்றுங்கள்.

வாரத்தில் 2 நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் எடையைத் தொடாதீர்கள்.