பாடம் 7: கடைசி வரிசை

நான் பணியாற்றும் பள்ளியில் வாரத்திற்கு இரண்டு நாள் மாணவியருக்குக் கராத்தே கற்பிக்கப்படுகிறது. மாணவியர் அறுபதின்மர், பயிற்சியாசிரியை ஒருவர். ‘இச்சி, நி, சான்’ என்று அவர் ஜப்பானிய மொழியில் எண்ண எண்ண, அறுபது கைகள் ஒன்றாக முன்னே பாயும். மாடியிலிருந்து காண்போர்க்கு அது கண்கொள்ளாக் காட்சி.

சென்ற ஆண்டு திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறாம் வகுப்பில் சேர்ந்த சிறுமி ஒருத்தி கடைசி வரிசையில் நின்றாள். எண்ணிக்கை தவறாமல் அவளும் குத்தினாள். ஆனால், கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடக்கி வைத்திருந்தாள். காற்றில் குத்தும்வரை அதனால் தீங்கில்லை. பஞ்சு அடைத்த திண்டில் ஓங்கிக் குத்திய அன்று, விரல் வீங்கி என்னிடம் வந்தாள்.

கைமுஷ்டி பிடிக்கும்போது கட்டைவிரல் வெளியே, மடங்கிய விரல்களின்மேல் குறுக்காக இருத்தல் வேண்டும். ஆசிரியை இதனை முதல் நாளிலேயே கூறியிருந்தார். ‘அங்கூட்டா பாஹர்’ என்று இந்தியில் கூறியிருந்தார். அச்சொல் அவளுக்குத் தெரியாது.

“தெரியவில்லை என்று ஏன் கேட்கவில்லை?” என்றேன்.

“எல்லாரும் செய்தார்கள், ஐயா. நானும் செய்தேன்” என்றாள்.

கராத்தே வளர்ந்த ஒகினாவாத் தீவில் முற்காலத்தில் ஆசான் ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் மிகச் சிலர்க்கே அக்கலையைக் கற்பித்தார். 1901ஆம் ஆண்டளவில் இதோசு அங்கோ என்னும் ஆசான் அதனைத் தொடக்கப்பள்ளிக்குள் கொண்டுவந்தார். சிறுவர்க்கு ஏற்றவாறு ‘பினான்’ எனப்படும் ஐந்து அசைவுத் தொடர்களையும் அமைத்தார். பள்ளியின் வழியே கலை பலரிடம் பரவியது. ஆயினும், முற்றத்தில் ஓரிருவரை மட்டும் நோக்கிய கண், மைதானத்தில் அத்தனை பேரை நோக்க வேண்டியதாயிற்று. எங்கள் பள்ளியில் வகுப்பு நேரம் 40 நிமிடம். அறுபதின்மர்க்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 40 நொடியே கிடைக்கும்.

நிகழ்ந்ததை ஆசிரியையிடம் கூறினேன். அவர் தம் பக்க நியாயம் எதுவும் பேசவில்லை. அடுத்த வகுப்பில், எண்ணும் பணியைப் பழுப்புப் பட்டை பெற்ற பத்தாம் வகுப்பு மாணவியிடம் ஒப்படைத்தார். முன்னே நின்று எண்ணுபவரால் கடைசி வரிசையைக் காண இயலாது என்பதை அன்றுதான் நானும் உணர்ந்தேன். அவர் வரிசைகளுக்கு இடையே நடந்தார். ஒருத்தியிடம் ஒரு திருத்தம் மட்டுமே கூறினார்; குதிகாலையும் முழங்கையையும் மணிக்கட்டையும் ஒருசேரத் திருத்தினால் குழந்தை எதனையும் பற்றிக்கொள்ளாது என்றார். வகுப்புதோறும் முன்வரிசை பின்னே சென்றது. சிறு குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல்லை மட்டும் எழுதினார். எண்ணும் மாணவியை வகுப்புக்கு முன்னரே தனியே நிறுத்திச் சரிபார்த்தார். அவளது பிழையை அறுபதின்மரும் பார்த்துப் பழகிவிடுவர் அல்லவா?

நம் சிறுமியிடம் வந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. குனிந்து, கையைப் பற்றி, விரல்களைப் பிரித்து, கட்டைவிரலை உரிய இடத்தில் வைத்தார். ஐந்து நொடிகூட ஆகியிராது.

பவணந்தி முனிவரின் நன்னூல், மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம் முதலியவற்றோடு ஒப்பிடுகிறது. அப்பகுதியைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஓட்டைக்குடம் எனப் பெயரிட்டுவிடுதல் எளிது. ஓட்டை எங்கே என்று காண அருகில் செல்ல வேண்டும். என் தமிழ் வகுப்பில் 34 பேர் உள்ளனர். நானும் இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். மூன்று வாரமாகியும் கடைசி இருக்கை மாணவன் ஒருவன் பெயருக்கு எதிரே எச்சொல்லும் இல்லை. நாளை அவனருகே அமர்ந்துதான் பாடம் நடத்தப்போகிறேன்.

அருஞ்சொற்பொருள்: ஆசான் – கற்பிப்பவர், மாணாக்கர் – மாணவர், முற்றம் – வீட்டின் திறந்த வெளி.

பயிற்சி
1. சிறுமியின் பிழை ஏன் பல நாள் எவர்க்கும் தெரியவில்லை?
2. ஆசிரியை எண்ணும் பணியை வேறொருவரிடம் ஒப்படைத்தது எதற்காக?
3. புதிய ஊரில் உனக்குப் புரியாத சொல் ஒன்றை நீ எவ்வாறு அறிந்துகொண்டாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.