கிளட்சா, ஆக்சிலா? காரணம் கண்டறியும் பாடம்

கார் ஒன்று சாலையோரம் நிற்கிறது. என்ஜின் ஓடுகிறது. முதல் கியரைப் போட்டு, கிளட்ச் மிதியை விட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் உறுமுகிறது, கார் நகரவில்லை. பழுது எங்கே?

இக்கேள்வியைக் கரும்பலகையில் எழுதி உராய்வுப் பாடத்தைத் தொடங்கலாம். "கிளட்ச் போயிருக்கும்" என்று மாணவர்கள் உடனே சொல்வார்கள். மறுக்க வேண்டாம், "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்போம். கியர்பெட்டியை இறக்கி, கிளட்ச் பிளேட்டை மாற்றிய பிறகும் கார் நகராவிட்டால், ஊகத்தின் செலவு உரிமையாளர் தலையில் விழும்.

விசை செல்லும் வழி

என்ஜின், ஃப்ளைவீல், கிளட்ச், கியர்பெட்டி, டிஃபரன்ஷியல், ஆக்சில், சக்கரம் என வரிசையாக எழுதச் செய்க. ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே அழுத்தப்படும் கிளட்ச் பிளேட், உராய்வால்தான் சுழற்சியைக் கடத்துகிறது. அது தேய்ந்தாலோ அதில் எண்ணெய் படிந்தாலோ வழுக்கும்.

செயல்பாடு

இரண்டு வட்ட அட்டைகளின் முகப்பில் உப்புத்தாள் ஒட்டி, பின்புறம் நடுவில் ஒவ்வொரு பென்சிலைப் பொருத்துக. முகப்புகளைச் சேர்த்து அழுத்தி ஒரு பென்சிலைச் சுழற்றினால் மற்றதும் சுழலும். அழுத்தத்தைக் குறைத்தோ, இடையில் வழவழப்பான பிளாஸ்டிக் தாளை வைத்தோ மீண்டும் செய்து பார்க்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

தடயங்களைப் பிரித்தல்

வேகமானி கியர்பெட்டியின் வெளிமுனையிலிருந்து இயங்கும் கார்களில் ஒரு நல்ல தடயம் உண்டு. கார் நின்றிருக்க முள் மட்டும் ஏறினால், கிளட்சும் கியரும் வேலை செய்கின்றன. பழுது அதற்கு அப்பால், பெரும்பாலும் ஆக்சிலில். முள் அசையாவிட்டால் பழுது அதற்கு முன்னால். எந்தக் கியரிலும் நகராமல் தீய்ந்த வாசனையும் வந்தால் கிளட்சை ஐயுறலாம். சக்கர உணரிகளால் வேகம் அளக்கும் கார்களில் இச்சோதனை பயன்படாது என்பதையும் சொல்லுங்கள். ஒரு சோதனை எங்கே செல்லாது என அறிவதும் அறிவியலே.

கீழ்க்காணும் குறிகளைக் குழுக்களுக்குக் கொடுத்து விவாதிக்கச் செய்யலாம்.

1. மேட்டில் என்ஜின் வேகம் கூடுகிறது, கார் வேகம் கூடவில்லை: கிளட்ச் வழுக்கல்.
2. மிதியை முழுதும் அழுத்தியும் கியர் கரகரவென்று உரசுகிறது: கிளட்ச் முழுமையாக விலகவில்லை.
3. மிதியை அழுத்தும்போது மட்டும் இரைச்சல்: ரிலீஸ் பேரிங்.
4. முன்சக்கர இயக்கக் காரைத் திருப்பும்போது 'டக் டக்' ஒலி: ஆக்சிலின் வெளிப்புற சி.வி. ஜாயின்ட். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிந்திக்க

ஒரு பக்க ஆக்சில் முறிந்தால் மறுபக்கச் சக்கரம் ஏன் காரை இழுப்பதில்லை? டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் சமமான திருப்புவிசையையே தரும். முறிந்த பக்கம் தடையின்றிச் சுழல்வதால், மறுபக்கத்துக்கும் விசை கிடைப்பதில்லை.

ஓடும் வண்டியில் மாணவர்களைச் சோதிக்க விட வேண்டாம். அருகிலுள்ள பட்டறையிலிருந்து மெக்கானிக் ஒருவரை வகுப்புக்கு அழைக்கலாம். அவர் காதால் கேட்டுப் பழுதைச் சொல்வது மாயமன்று, பல்லாண்டு உற்றுநோக்கலின் பயன் என்பதை மாணவர்கள் நேரில் உணர்வார்கள். பட்டறை வேலை பார்ப்பவரின் பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால், அன்று அவன் தலைநிமிர்ந்து அமர்வான்.